காசு ராஜாவைக் காலணியில் ஒளித்த கதை

லராஷ்,
வியாழன் இரவு

பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் ‘விரல் வித்தை’ எழுதும் மதிப்பிற்குரிய பேராசிரியர் மிர்ஸாக் அவர்களுக்கு, ஷாமா ஸலாம் சொல்லி எழுதுவது.

இங்கு நானும் வீட்டாரும் நலம். தாங்களும், தொப்பிக்குள் வசிக்கும் தங்கள் புறாவும் நலமாயிருக்க அல்லாஹ் அருள்வானாக. நலம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதினேன். நான் நலமாக இல்லை. போர்வைக்குள் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருளவும். அடுத்த கட்டிலில் என் சாச்சி, அதாவது உம்மாவின் தங்கை ஷுமைஷா, தூங்குகிறாள். நாளை அவளுடைய வாழ்க்கை என் சுண்டுவிரலில் இருக்கிறது. அதற்குக் காரணம் தங்கள் நான்காம் பாடம்.

சீட்டுக்கட்டை விரித்து ‘ஒன்று எடுங்கள்’ என்று சொல்ல வேண்டும், எடுப்பவர் தன் விருப்பப்படி எடுத்ததாக நினைப்பார், ஆனால் அது நாம் எடுக்க வைத்த சீட்டாகவே இருக்கும், பிறகு அதன் பெயரைச் சொல்லி அசத்த வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சீட்டின் மேல் சுண்டுவிரல் நுனியால் ஒரு மயிரிழை இடைவெளி வைத்துக்கொள், நீட்டாதே, அவசரப்படாதே, அவர் விரல் வரும் நேரத்தில் சீட்டு அங்கே தற்செயலாக நிற்பதுபோல் நிற்கட்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். காசு, கோப்பை, வாள், தடி என்ற நான்கு இனங்களில் தங்கள் படத்தில் இருந்தது காசு இனத்து ராஜா என்பதால் நானும் அவரையே வைத்துப் பழகினேன். பள்ளி விட்டு வந்ததும் மாடிக்குப் போய்விடுவேன். கடலிலிருந்து பனி ஏறி வந்து, கொடியில் காயும் விரிப்பு எது, வானம் எது என்று தெரியாமல் போகும். அந்த வெண்மைக்குள் சீட்டுகள் மத்தி மீன் கூட்டம்போல ஒன்றாகத் திரும்பிப் பாயும். காசு ராஜா மட்டும் அசையாமல் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பாடத்தையும் படித்ததில்லை.

முதலில் சீட்டு எடுத்தவர் எதிர்வீட்டில் இருக்கும் மூத்த பெண்மணி லல்லா ஹ்னியா. நூல்கண்டு கேட்டு வந்தவரிடம் விரித்தேன். விரல் வந்தது, ராஜா நின்றார், எடுத்துவிட்டார். பெயரைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“வாயை மூடு பொண்ணே. வந்த சீட்டைக் காட்டினாலும் சொன்னாலும் பலன் போயிடும்.”

“இது வித்தை, லல்லா. என்ன சீட்டுன்னு நான் சொல்லணும்.”

“நீ சொன்னாலும் போயிடும்.”

ப்ரஸ்ஸல்ஸில் இருக்கும் அவர் மகனிடமிருந்து ரமலானுக்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. மறுநாள் காலை அவனுடைய தபால் அட்டை வந்துவிட்டது. அன்று மாலையே எங்கள் முற்றத்தில் பெண்கள் புதினாத் தேநீரோடு உட்கார்ந்துவிட்டார்கள். சீட்டுப் போட்டுக் குறி சொல்லும் பெண்கள் நம் ஊர்களில் நிறைய உண்டு. வாயே திறக்காமல் குறி சொல்கிறவள் நான் ஒருத்திதானாம். எல்லாருக்கும் காசு ராஜாதான் வருகிறார். யாரும் யாருக்கும் காட்டாததால் யாருக்கும் அது தெரியாது. மீன்காரர் மனைவிக்கு அவர் புதுப் படகு. கடைசி வீட்டு விதவைக்கு அவர் இரண்டாம் கணவர். ஆக ஐயா, தங்கள் வித்தையின் பின்பாதியை இந்த ஊரில் இன்றுவரை ஒருவரும் பார்க்கவில்லை. நான் பயந்துபோய் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன்.

“லல்லா, அந்தச் சீட்டை நான்தான் எடுக்க வைக்கிறேன்.”

“உன் கைதான் எடுக்க வைக்குது, யாரு இல்லேன்னா? கை மட்டும்தான்டி உன்னோடது” என்றார்.

திங்களன்று கணக்கு ஆசிரியை என் பைக்குள் சீட்டுக்கட்டைப் பார்த்துவிட்டார். காலையில்தான் நிகழ்தகவு நடத்தியிருந்தார். ஆசிரியர் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். நான் உள்ளங்கையைத் துடைத்து அடிக்குத் தயாராக நீட்டினேன்.

“கையை எதுக்கு நீட்டுறே? விரி.”

“மேடம்?”

“சீட்டை விரிடீ. ரபாத்துக்கு மாற்றல் கிடைக்குமான்னு பாக்கணும்.”

எடுத்தார். பார்த்தார். கைப்பைக்குள் எதையோ தேடி மூக்கைத் துடைத்துக்கொண்டார். அந்த வார வீட்டுக்கணக்கை எனக்கு மட்டும் தள்ளுபடி செய்துவிட்டார். எனக்குப் பயம் இன்னும் கூடிவிட்டது.

இப்போது சாச்சி. ஃபெஸ் நகரத்து நகைக்கடைக்காரர் வீட்டிலிருந்து அவளைப் பெண் கேட்டு, நாளை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு சர்க்கரைக் கூம்போடு வருகிறார்கள். கூம்பு எங்கள் வீட்டில் தங்கிவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதே நேரம் தெத்துவானில் பிரசவம் பார்க்கும் நர்ஸ் படிப்புக்கு அவளுக்கு இடமும் கிடைத்திருக்கிறது. கேட்டால் அவள் சரி என்றும் சொல்வதில்லை, மாட்டேன் என்றும் சொல்வதில்லை. நேற்று உம்மா தீர்மானித்துவிட்டாள்.

“அவங்க வர்றதுக்கு முன்னாடி ஷாமா விரிக்கட்டும். காசு வந்தா கல்யாணம். வாள் வந்தா படிப்பு.”

“கோப்பை வந்தா?” என்று கேட்டேன்.

“கோப்பையிலதானே மாப்பிள்ளைக்குத் தேத்தண்ணி குடுப்போம். கல்யாணம்.”

“தடி?”

“அவரு கிழவரான பிறகு ஊணிக்கிறதுக்கு. கல்யாணம்.”

லல்லா ஹ்னியாவும் ஒரு சலுகை தந்துவிட்டார்: காசா, வாளா என்று இனத்தை மட்டும் சொல்லலாம், சீட்டைக் காட்டக் கூடாது. சாச்சி விரிப்பை மடித்துக்கொண்டே, “வாள் வந்தா படிப்பு. சரிதானேக்கா?” என்று ஒருமுறை கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஐயா, என் கைக்குத் தெரிந்தது காசு ராஜா ஒருவர்தான். வேறு சீட்டை எடுக்க வைக்க இன்று மாலை முழுதும் பழகினேன், அப்போதும் அவரே வந்து நிற்கிறார். அப்படியே வாளை எடுக்க வைத்தாலும் அதை எடுத்தவள் நான்தானே, சாச்சி இல்லையே. ராஜா வந்தால் அவள் ஃபெஸுக்குப் போய்விடுவாள், வாள் வந்தால் தெத்துவானுக்கு. எப்படியும் இந்த அடுத்த கட்டில் காலியாகப் போகிறது. அவளுக்கு எது வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. நேற்றுக் கனவில் காசு ராஜா சீட்டிலிருந்து ஒரு காலை எடுத்து வெளியே வைத்தார். “எல்லாரும் என்னையே எடுக்குறாங்க பொண்ணே, கால் வலிக்குது” என்று சொல்லிச் சர்க்கரைக் கூம்பின் மேல் உட்கார்ந்தார். கூம்பு கரைந்து முற்றம் முழுக்க வெள்ளைக் கடலாயிற்று. சாச்சி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதன்மேல் மெல்ல நடந்து போனாள். எந்தத் திசை என்று பார்ப்பதற்குள் பள்ளிவாசலில் விடியல் பாங்கு சொல்லி எழுப்பிவிட்டார்கள்.

ஆகவே தங்களைக் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். ஒருவரை அவராகவே எடுக்க விடுவது எப்படி? அது எத்தனையாவது பாடத்தில் வருகிறது? தங்கள் பதில் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று தெரியும், இருந்தாலும் உடனே எழுதவும். தங்கள் விரல்களுக்கு வாதம் வராமலும், புறாவுக்கு வயதாகாமலும் இறைவன் காப்பானாக. தங்கள் வீட்டுப் பெரியவர்களின் கைகளுக்கு என் முத்தம்.

தங்கள் மாணவி,
ஷாமா

பின்குறிப்பு: வெள்ளி இரவு. மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். படித்துவிட்டிருந்தால் மறந்துவிடவும். விடிந்ததும் காசு ராஜாவை எடுத்து என் காலணிக்குள் வைத்து மிதித்துக்கொண்டேன். அவர் இல்லாவிட்டால் என் கை யாரையும் நிறுத்தாது என்று நினைத்தேன். முற்றம் நிறையப் பெண்கள். விரித்தேன். சாச்சி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவி, நெஞ்சோடு வைத்து, குனிந்து பார்த்து, “வாள்” என்றாள்.

“காட்டுடீ” என்றாள் உம்மா.

“காட்டினா பலன் போயிடும்க்கா.”

“அவ சொல்றது சரி” என்று லல்லா ஹ்னியா தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஃபெஸ்காரர்கள் தேநீர் குடித்துவிட்டுக் கூம்பைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு மாடியில் நான் அழுதுகொண்டே சாச்சியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

“அதான் காலைலேருந்து நொண்டினியா?” என்றாள்.

“உனக்கு எந்த வாள் வந்துச்சு, சாச்சி?”

“யாருக்குத் தெரியும்? குனிஞ்சேன், ஆனா கண்ணைத் திறக்கவே இல்லை.” கொடியிலிருந்து கடைசி விரிப்பை உருவினாள். “அந்தப் பத்திரிகை புதன்கிழமை காலைல வருது. நீ பள்ளிக்கூடத்துலேருந்து வர்ற வரைக்கும் அதை யாரு படிக்கிறான்னு நெனச்சே?”

கீழே இறங்கினால் உம்மா அடுப்படியில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். “எனக்கும் ஒண்ணு விரிடீ. பெருநாளைக்கு அவ வீட்டுக்கு வருவாளான்னு பாக்கணும்.” விரித்தேன். என் சுண்டுவிரல் சும்மா கிடந்தது. அவள் வெகுநேரம் யோசித்து, ஓரத்திலிருந்து ஒன்றை அவளாகவே எடுத்தாள். பார்த்தாள், சிரித்தாள், சட்டைக்குள் செருகிக்கொண்டாள். என்ன சீட்டு என்று எனக்குத் தெரியாது. திருப்பித் தரவும் மாட்டேன் என்கிறாள். ராஜாவோ என் காலணிக்குள் இரண்டாக மடிந்துவிட்டார். எனவே ஐயா, இரண்டு சீட்டு குறைந்த கட்டை வைத்துச் செய்யக்கூடிய வித்தை ஏதாவது இருந்தால் அடுத்த பாடமாக எழுதவும்.