மாப்பிள்ளை குடித்த கோப்பை

பெண் பார்க்க வந்த இடத்தில், மாப்பிள்ளையின் தாய் தங்கரத்தினம் தேத்தண்ணிக் கோப்பையைத் தொடவேயில்லை.

"எனக்குச் சீனி வருத்தம்," என்றார்.

பெண்ணின் தகப்பன் ஞானசேகரம் உடனே கணக்குப் போட்டார். தாய்க்குச் சர்க்கரை நோய் என்றால் மகனுக்கும் வராதா? மாப்பிள்ளை யதுர்சனுக்குத் துறைமுகத்தில் நல்ல வேலை. மகள் கீர்த்தனிக்கும் பிடித்துவிட்டது. ஆனால் ஞானசேகரம் வெண்டிக்காயைக்கூட நுனி முறித்துப் பார்க்காமல் வாங்காதவர்.

"எங்கட பிள்ளை மரபணுப் படிப்பு," என்று பெருமையை அவிழ்த்துவிட்டார். "ஒரு சொட்டு எச்சில் போதும். என்ன வருத்தம் வரும் எண்டு சொல்லிப்போடும்."

"அப்பிடியோ," என்றார் தங்கரத்தினம்.

யதுர்சனும் ஞானசேகரமும் குடித்து முடித்தார்கள். படலைவரை போய் வழியனுப்பிவிட்டு வந்த ஞானசேகரம், மேசையில் கிடந்த வெறும் கோப்பையைச் சட்டைக்குள் ஒளித்தார்.

"ரெண்டு கோப்பையையும் காணேல்லையே," என்றார் மனைவி சுலோஜனா.

"பூனை தட்டியிருக்கும்."

கோப்பையைக் கண்டதும் கீர்த்தனி பின்வாங்கினாள். "அவரிட்டக் கேக்காமச் சோதிக்கேலாது அப்பா. எங்களுக்கு முதல் பாடமே அதுதான்."

"கலியாணத்துக்குப் பிறகு கேட்டு என்ன செய்யிறது?"

கோப்பை கொழும்பில் ஒரு தனியார் ஆய்வுகூடத்துக்குப் போனது. அங்கேயும் எச்சிலுக்கு உரியவரின் சம்மதம் கேட்டார்கள். 'இது என்னுடைய எச்சில்தான்' என்று எழுதி, ஞானசேகரம் கூச்சமே இல்லாமல் கையெழுத்து வைத்தார்.

முடிவு வந்தது. சீனி வருத்தம் வர நிறையச் சாத்தியம், வழுக்கையும் விழலாம். ஞானசேகரம் தன் மொட்டைத் தலையைத் தடவியபடி, தப்பினோம் என்று பெருமூச்சு விட்டார்.

தங்கரத்தினத்துக்குப் போன் எடுத்தார். "சாதகம் பொருந்தேல்ல."

"உங்கட சாத்திரியார்தானே பொருத்தம் எண்டு சொன்னவர்?"

"சாத்திரியார் பிழை விடுவார். எச்சில் விடாது," என்று வாய் தவறி உளறினார்.

மறுமுனை துண்டித்தது. பின்னால் கீர்த்தனி ஆய்வுகூடத்துப் படிவத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"கள்ளக் கையெழுத்து வச்சிருக்கிறீங்கள். இனி என்னை நம்பி ஆர் எச்சில் தருவினம்? அவரிட முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?"

அதன்பின் அவள் தகப்பனோடு கதைக்கவில்லை. அவருக்கும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் யதுர்சனின் தங்கை நிரோஜினி ஒரு பொட்டலத்தோடு வந்தாள்.

"மாமா, நீங்கள் எச்சில் கதை எடுத்ததால, அண்ணா குடிச்சு முடிச்ச உடனயே அவற்ர கோப்பையை அம்மா தன்ர பைக்குள்ள வச்சிட்டா. திருப்பித் தரச் சொன்னவ. அண்ணாவும் படலையடியில நிக்கிறார்."

கீர்த்தனி ஆய்வுகூடத்து முடிவையும் தகப்பனின் தலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப நீங்கள் வச்சது கள்ளக் கையெழுத்து இல்லை, அப்பா."