குடை புரோக்கரும் ஓர் ஆணியும்

உலகத்து வீட்டுத் தரகர்கள் எல்லாரும் வெயிலில் வீடு காட்டுவார்கள். அடைமழையில் மட்டும் வீடு காட்டிய ஒரே ஆசாமி எங்கள் வில்லியனூர் குடை புரோக்கர்தான். பெற்றவர்கள் என்ன பெயர் வைத்தார்களோ, ஊரில் ஒருவருக்கும் தெரியாது. மண்டையைப் பிளக்கும் வெயிலிலும் கக்கத்தில் ஒரு கறுப்புக் குடை இருக்கும். அதைத் தெருவில் விரித்து யாரும் பார்த்ததில்லை. கொட்டுகிற மழையில் தொப்பலாக நனைந்து வருவார். வீட்டுக்குள் காலை வைத்ததும் விரிப்பார்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. நான் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தேன். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வாடகை வீடு. வீட்டுக்காரர் தங்கமான மனிதர், சுவர் விஷயத்தில் மட்டும் ராட்சசன். ஆணி அடிக்கக் கூடாது. முருகன் படம் சன்னல் கம்பியில் தொங்கியது, காலண்டர் கதவுத் தாழ்ப்பாளில் தொங்கியது. கதவைத் திறக்கும்போதெல்லாம் முருகனைத் தவிர எல்லாம் கீழே விழும்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் என் மனைவி காமாட்சி ஒரே ஓர் ஆணி அடித்துவிட்டாள். சத்தம் கேட்டு ஓடிவந்த வீட்டுக்காரர் குறட்டால் அதைப் பிடுங்கி அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, ஓட்டையைச் சுண்ணாம்பு வைத்து அடைத்தார். காமாட்சி அழவில்லை. ஆணியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"வர்ற பொங்கலுக்குள்ள இந்த ஆணி நம்ம சொந்த வூட்டுச் செவுத்துல ஏறணும். இல்லன்னா நான் எங்க அம்மா வூட்டுக்குப் போயிடுவேன். நீ இங்கயே காலண்டரப் புடிச்சிக்கிட்டு நில்லு."

சொன்னால் செய்கிறவள். அப்போதே சட்டையை மாட்டிக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு குடை புரோக்கரைத் தேடிப் போனேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்.

"வூடா? ஐப்பசில வாங்க தம்பி."

"இப்பதானே அண்ணே சித்திரை பொறந்திருக்கு?"

"வெயில்ல எல்லா வூடும் நல்ல வூடுதான். மழை வந்தாதான் வூடு வாயத் தொறந்து பேசும். அதுக்குள்ள யாருகிட்டயும் அச்சாரம் குடுத்துடாதீங்க."

"பொங்கலுக்குள்ள ஆவணுமே அண்ணே," என்றாள் காமாட்சி.

"ஆவும் தங்கச்சி."

அந்த 'ஆவும்' என்ற ஒரு சொல்லில் என் மனைவி அவர் கட்சியில் சேர்ந்துவிட்டாள். நான் சேரவில்லை. வைகாசியில் உறுவையாறு போகிற வழியில் நானே ஒரு வீட்டைப் பிடித்தேன். ரோஸ் கலர் சுவர், பளபளவென்று சிவப்புத் தரை, போனவுடன் கையில் மோர். அச்சாரம் கொடுக்கத் துடித்தேன். காமாட்சி, "மழை வரட்டும்," என்று சொல்லிவிட்டாள். வானத்தைத் திட்டிக்கொண்டே ஆடியையும் ஆவணியையும் ஓட்டினேன்.

ஐப்பசியில் ஒரு விடியற்காலை கதவு தட்டப்பட்டது. வாசலில் குடை புரோக்கர், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றார். முகத்தில் கல்யாணக் களை.

"கெளம்புங்க. ஆத்துல தண்ணி வந்துடுச்சு. அருமையான மழை."

முதலில் என் ரோஸ் கலர் வீட்டுக்கே போனோம். கூடம் முழுக்க அண்டா, குண்டான், செம்பு என்று பரப்பி வைத்திருந்தார்கள்.

"இன்னா இதெல்லாம்?" என்றார் புரோக்கர்.

"பாத்திரம் கழுவிக் காய வெச்சிருக்கோம்," என்றார் வீட்டுக்காரர், கூசாமல்.

புரோக்கர் கூடத்து நடுவில் நின்று குடையை விரித்தார். குடை மேல் தடதடவென்று சொட்டுகிற சத்தம்.

"வூட்டுக்குள்ள குடை விரிக்கிறியே, இன்னாய்யா பழக்கம் இது? பிரெஞ்சுக்காரன் காலத்து நொத்தேர் எழுதுன பத்திரம் சுத்தமா இருக்கு, அதப் பாரு."

"பத்திரம் நனையலப்பா. வூடுதான் நனையுது."

அடுக்களையில் ஒரு தவளை அம்மி மேல் உட்கார்ந்து எங்களை விசாரித்தது. நான்தான் முதல் ஆளாக வெளியே வந்தேன்.

அப்புறம் நாங்கள் ஏறி இறங்காத வீடு இல்லை. எங்கே போனாலும் குடை விரியும், மேலே சொட்டும், வாசற்படியில் மடக்கிக்கொண்டு திரும்புவோம். எங்கள் மூவரையும் தெருமுனையில் கண்டாலே வீடு விற்கிறவர்கள் கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள். எனக்குச் சளி பிடித்தது, கடையில் வியாபாரம் படுத்தது. புரோக்கர் மட்டும் தும்மக்கூட இல்லை. கார்த்திகை முடிந்தது, மழையும் நின்றது. காமாட்சி பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். ஊருக்குப் போகிற பெட்டி. நான் புரோக்கரிடம் ஓடினேன்.

"ஒழுகுனா ஒழுகட்டும், ஏதாவது ஒண்ண முடிச்சிடுங்க அண்ணே," என்று அவரிடம் கெஞ்சினேன்.

"முடியாது தம்பி. தங்கச்சிகிட்ட ஆவும்னு சொல்லிட்டேன்."

மார்கழியில், யாரும் எதிர்பாராத ஒரு மத்தியானம், வானம் பொத்துக்கொண்டது. அவர் ஓடிவந்தார். கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில், காரை பெயர்ந்த, வெள்ளையடித்தே அறியாத ஓட்டு வீடு. கோடையில் அதைப் பார்த்து நான் மூக்கைச் சுளித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

கூடத்தில் குடை விரிந்தது. நாங்கள் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். சத்தமே இல்லை. அறைக்குள் போனார், அடுக்களைக்குப் போனார், குடையைப் பிடித்தபடி மூலைமூலையாக நின்றார். வெளியே மழை பேயாகக் கொட்டியது. திரும்பிக் கூடத்துக்கு வந்து, முதல் தடவையாக, கூடத்து நடுவிலேயே குடையை மடக்கினார்.

"தங்கச்சி, மடக்கிட்டேன்."

ஈரக் குடையை எங்கே மாட்டுவது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். சுவரில் ஒன்றுமில்லை. காமாட்சி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அடுக்களையிலிருந்த குழவியை எடுத்துவந்து அந்த ஆணியைச் சுவரில் வைத்து அடித்தாள்.

"இன்னாம்மா இது, இன்னும் அச்சாரமே குடுக்கல," என்று பதறினார் அந்த வீட்டை விற்கிறவர்.

"வாங்கியாச்சு," என்றாள் காமாட்சி. புரோக்கர் கையிலிருந்த குடையை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

பொங்கலை அந்த வீட்டில்தான் பொங்கினோம். அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் முதல் மழைக்கு நனைந்துகொண்டு வந்து, "ஒழுகுதா தங்கச்சி?" என்று கேட்பார். "ஒழுகல அண்ணே," என்பாள். குடையை மாட்டிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும், அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. வீடெங்கும் இப்போது ஆணிதான், வேண்டிய மட்டும் அடித்திருக்கிறாள். அந்த முதல் ஆணியில் மட்டும் கோடையில்தான் காலண்டர் தொங்கும். ஐப்பசி பிறந்ததும் காமாட்சி அதைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டிவிடுவாள். ஆணி குடைக்காகக் காலியாக இருக்கும். மழை பிடித்தால் நானும் போய் வாசல் கதவைத் திறந்து வைக்கிறேன்.