அக்காவின் படத்துக்கு வந்த கருத்துகள்

குறும்படம் எதுவாயினும், பார்த்தவர்கள் சொன்ன கருத்து அனைத்தும் அதில் ஏற்றப்பட்ட பின்னரே போட்டிக்கு அனுப்பப்படும். இது அக்கா படிக்கும் கல்லூரியின் விதி.

அக்கா எடுத்த படத்தில் கதை கொஞ்சம்தான். தையல்கடை வைத்திருக்கும் எங்கள் அம்மா, பள்ளிச் சீருடைகளைத் தைத்துத் தைத்து, மெஷின்மேலேயே தலை சாய்த்துத் தூங்கிப்போகிறாள். வசனமே இல்லை. முதல்முறை பார்த்தபோது நான்கூட வாயை மூடிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அது அதிசயம்.

முதல் திரையிடல் முடிந்ததும், கருத்துகளைச் சேகரிக்கும் கல்லூரியின் கருத்து அலுவலர் மேடையேறினார். அவர் குரலில் பேசிக்காட்டுவது எனக்கு அத்துப்படி. மூக்கைப் பிடித்துக்கொண்டு, காலிக் குடத்துக்குள் பேசினால் போதும்.

"பார்வையாளப் பெருமக்களின் பொன்னான கருத்துகள் வரவேற்கப்படுகின்றன."

முன்வரிசை மாமா ஒருவர் எழுந்தார். "காது சும்மா இருக்கேப்பா. யாராவது பேசட்டும்."

பேச ஆள் நான்தான். ஊசி, கத்தரி, மெஷின் எல்லாம் என் குரலில் பேசின. கத்தரிக்குக் கணக்கு வாத்தியார் குரல்.

அடுத்த திரையிடலில் விடுதிக் காப்பாளருக்கு வேறு கவலை. "வேலை நேரத்துல தூங்குறது மாணவர்களுக்குத் தப்பான பாடம். எழுப்பிவிடுங்க."

எழுப்பினோம்.

"எழுந்தவங்க ஓடலாமே. இப்பல்லாம் எல்லாரும் ஓடுறாங்க" என்றார், கையில் இதயத்துடிப்பு காட்டும் கடிகாரம் கட்டிய ஒரு பேராசிரியை.

அம்மாவுக்கு முட்டிவலி. ஆகவே அம்மா வேடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர் ஓடினார். மீசை கொஞ்சம் உறுத்தியது. அதை யாரும் கருத்தாகச் சொல்லாததால் அப்படியே விட்டாயிற்று.

"தனியா ஓடுறாரே, பாவம். கூட ஒரு நாய், அதுக்கொரு சட்டை?" என்றார் கேன்டீன்காரர். நாயும் அவருடையதுதான்.

அக்கா அலுவலரிடம் போய் நின்றாள். "சார், இதுல எங்கம்மா எங்க சார்? அவங்களுக்காகத்தான் எடுத்தேன். தூங்குற அந்த ஒரு ஷாட்டாவது..."

"பார்த்தவங்க கேட்டா வைக்கலாம்மா. எடுத்தவங்க கேக்கக் கூடாது. அது பாரபட்சம்."

மிச்சமிருந்தது இறுதித் திரையிடல் மட்டும். கடையைச் சாத்திவிட்டு அம்மாவே வந்தாள். வழியெல்லாம் அக்கா ஓதிக்கொண்டே வந்தாள்.

"மைக் குடுத்தா, 'அந்தத் தையல்காரம்மாவைக் காட்டுங்க'ன்னு சொல்லும்மா. அது போதும்."

"அதுக்கென்னடி, சொல்லிட்டாப் போச்சு."

படம் ஓடியது. அவரவர் கருத்து வந்த இடத்தில் அவரவர் கைதட்டி, பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தார்கள். விளக்கு எரிந்தது. மைக் கைமாறிக் கைமாறி அம்மாவிடம் வந்தது.

அம்மாவிடம் இதுவரை யாரும் கருத்து கேட்டதில்லை. தலைமுடியை ஒதுக்கிவிட்டுத் தொண்டையைச் செருமினாள். அடுத்த கடையில் தைத்த துணியைப் பார்த்தால் வருகிற செருமல் அது.

"படம் ரொம்ப நல்லாருக்கு. ஆனா அந்த நாய் சட்டை தோள்பட்டையில பிடிக்குது. பிரிச்சுத் தைக்கணும்."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

"ஏற்கப்பட்டது" என்றார் அலுவலர்.

நட்சத்திர விருந்தினராக வந்திருந்த நாயை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். அம்மா கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, அக்காவிடம் நீட்டினாள்.

"பார்த்துக்கிட்டு நிக்காத, அளவெடுடி."

அக்கா குனிந்தாள். அந்த அரங்கத்திலேயே கருத்து எதுவும் சொல்லாமல் நின்றது நாய் மட்டும்தான்.