இருபது நொடி பிந்திய தாலி

அரைகுறையாகத் தெரிந்த வேலையை "நான் பாத்துக்கறேன்" என்று முந்திக்கொண்டு ஏற்கும் வியாதி எனக்கு உண்டு. அதற்குப் பலியானவர் என் பெரியப்பா.

மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு இடுப்பெலும்பு முறிந்து, நாமக்கல் வீட்டில் படுத்துவிட்டார். முகூர்த்தமோ திருச்செங்கோட்டில். "தாலி கட்டறப்ப இங்கிருந்தே கும்புட்டுக்கறேன். நேருல பாக்கறாப்பலயே இருக்குமா சாமி?" என்றார்.

"அச்சு அசலா இருக்குமுங்க பெரியப்பா." (செல்போனில் இரண்டு வீடியோ பார்த்திருந்த தைரியம்.)

மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத் திரைக்கும் பெரியப்பா வீட்டு டிவிக்கும் நேரலை. கூடத்தில் படம் உடனே வந்தது. வீட்டில் இணையம் திக்கியதால், படம் நிற்காமல் ஓட டிவிக்கு மட்டும் இருபது நொடி தாமதம் வைத்தேன். அதோடு விட்டேனா? அவர் வாழ்த்துவது எல்லோருக்கும் கேட்கட்டும் என்று அவருடைய போன் குரலை மண்டப ஸ்பீக்கரில் இணைத்தேன். அது உடனுக்குடன் வந்தது.

மேடையில் தாய்மாமன் வேட்டி நுனி குத்துவிளக்கை உரசப் பார்த்தது. யாரோ இழுத்துவிட்டார்கள், முடிந்தது. சடங்கு நடத்தும் அருமைக்காரர் தாலியை எடுத்துக் கொடுத்தார். கெட்டிமேளம். மாப்பிள்ளை கை கழுத்தருகே போனபோது ஸ்பீக்கரில் பெரியப்பா:

"நிறுத்துங்க. நிறுத்துங்க சாமி."

மேளம் நின்றது. மாப்பிள்ளை கை அந்தரத்தில். அருமைக்காரர் மெதுவாகச் சொன்னார்: "பொண்ணப் பெத்தவரே வேண்டாங்கறாருங்களே."

ஸ்பீக்கரை அணைக்க ஓடி ஒயரைப் பிடுங்கினேன். நேரலையும் சேர்ந்தே செத்தது. போனைக் காதில் வைத்தேன்.

"மச்சான் வேட்டி வெளக்குல பட்டுருமாட்ட இருந்துச்சு, அதான்" என்றார் அப்பாவியாக. அவர் டிவியில் அப்போதுதான் வேட்டி விளக்கருகே போயிருந்தது.

நான் மேடையேறி விஷயத்தைச் சொன்னதும், நல்ல நேரம் போகிறதென்று அவசரமாக மேளம் மறுபடி முழங்கியது. போனில் பெரியப்பா கேட்டார்: "இப்பக் கட்டறாங்களா சாமி? டிவில வட்டந்தான் சுத்துது."

"கட்டியாச்சுங்க பெரியப்பா."

சுற்றிக்கொண்டிருந்த அந்த வட்டத்தைப் பார்த்தே கும்பிட்டாராம். கூட இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். கேமராவில் பதிவாகியிருந்த வீடியோவை அப்புறம் போட்டுக் காட்டினேன். "நல்லாருக்குது. ஆனா அது முடிஞ்சதுதான சாமி" என்றார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

இப்போது பெரியப்பா எழுந்து நடமாடுகிறார். நான் போய் "நல்லாருக்கீங்களா?" என்றால் பேசாமல் என்னையே பார்ப்பார். சரியாக இருபது நொடி கழித்து, "நல்லாருக்கறேன் சாமி" என்பார். வீடே சிரிக்கும், அவரும் சிரிப்பார். நான் மட்டும் ஒவ்வொரு முறையும் அந்த இருபது நொடியையும் எண்ணிக்கொண்டு நிற்கிறேன்.