ஓடுகிற வண்டியின் வைத்தியர்

செத்துக் கிடக்கிற வண்டியைச் சரிசெய்ய உலகத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற வண்டியில் ஏறி உட்கார்ந்து, அது எப்போது சாகும் என்று காத்திருக்கிற மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் ஏற்காட்டில் இருக்கிறார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கார், ஜீப், வேன்களுக்கு வயரிங் வேலை பார்ப்பவர். ஏரிக்குப் போகும் ரோட்டில் அவருக்கு ஒரு தகரக் கொட்டகை. யார் வந்து எதைச் சொன்னாலும் ஒரே பதில்தான்: "கம்ப்ளைன்ட் வரட்டுங்க." அதனால் மலை முழுக்க அவருக்கு 'வரட்டும்' என்றே பெயர்.

"ஏனுங்க, பாம்பு பொந்துக்குள்ள இருக்கறப்ப கைய உட்டா என்னாவுமுங்க? தானா வெளிய வரோணும். அப்பப் பாத்துக்கலாம்" என்பது அவருடைய வாதம். எப்போதாவது வந்துபோகிற பழுது என்றால் அவருக்கு உயிர். வண்டியில் ஏறிவிடுவார். பழுது வெளிப்படும்வரை இறங்க மாட்டார்.

ஒருமுறை மாரமங்கலம் போகிற பஸ் ஒன்றில் ஹாரன் தானாகவே அலற ஆரம்பித்தது. வரட்டும் ஏறி, டிரைவருக்குப் பக்கத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர்களை முறைத்துக்கொண்டே போனார். ஹாரன் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவரை யாரோ செக்கிங் இன்ஸ்பெக்டர் என்று நினைத்து, அந்தப் பஸ்ஸில் அதுவரை டிக்கெட்டே எடுக்காதவர்களெல்லாம் ஓடிவந்து டிக்கெட் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து ஹாரன் அலறி, அவர் அதைச் சரிசெய்த பிறகும் கண்டக்டர் அவரை இறங்கவிடவில்லை. "இன்னொரு வாரம் இருங்கண்ணா" என்று கெஞ்சினார்.

இன்னொருமுறை எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வீட்டுக் கல்யாணம். பெண் அழைக்கப் போகிற ஜீப்பில் ஹெட்லைட் நினைத்தால் எரியும், நினைத்தால் அணையும். வரட்டும் முன்சீட்டில் ஏறினார். பெண்வீட்டார் அவரை மாப்பிள்ளையின் தாய்மாமன் என்று எண்ணி மாலை போட்டு, தோளில் வேட்டியும் போர்த்திவிட்டார்கள். அவர் மறுக்கவில்லை. திரும்பும்போது ஹெட்லைட் அணைந்தது. மாலையோடு பானெட்டுக்குள் குனிந்தவர், ஒரு நிமிஷத்தில் உரசிப்போன வயரைப் பிடித்துவிட்டார். அந்தக் கல்யாண ஆல்பத்தில் மணமக்களுக்கு அடுத்தபடி அதிகம் தெரிபவர் அவர்தான்.

இனி என் கதை. கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற பிறகு, தலைச்சோலையில் உள்ள எங்கள் சின்னக் காப்பித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். கூடவே ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரும் வந்தது. சிவப்பு நிறம், மேல்மூடியை மடித்துத் திறந்துகொள்ளலாம், இருக்கைகள் இரண்டே. மாலை வேளைகளில் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து மலையைச் சுற்றவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அவள் மிஷன் பள்ளியில் டீச்சராக இருந்தவள். வேலை, பிள்ளைகள் என்று நாங்கள் இருவரும் அருகருகே உட்கார்ந்ததே பெரும்பாலும் மாதா கோயிலில்தான்.

அந்த ஆசையில்தான் கரண்ட் விளையாடியது. வளைவில் திரும்பும்போது சில சமயம் விளக்கு, வைப்பர், இன்ஜின் எல்லாம் ஒரே நொடியில் அணைந்துவிடும். ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல் வண்டி கிளம்பிவிடும். பேட்டரியைப் பார்த்தேன், ஃபியூஸைப் பார்த்தேன், வீட்டில் நிறுத்திவைத்து மீட்டரால் ஒவ்வொரு வயரையும் சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தன. வேறு வழியில்லாமல் வரட்டுமைக் கூப்பிட்டேன்.

அவர் குரங்குக்குல்லா போட்டுக்கொண்டு வந்து, என் மனைவியின் இருக்கையில் சம்மணம் கூட்டி உட்கார்ந்தார். "உடுங்க சார் போலாம்" என்றார்.

போனோம். தினமும் போனோம். வளைவு அதிகமுள்ள ரோடு வேண்டும் என்று குப்பனூர் இறக்கத்தில் போகச் சொன்னார். அங்கேதான் அவருடைய அக்கா வீடு இருந்தது. மேடு வேண்டும் என்று மாரமங்கலம் போகச் சொன்னார். அங்கே அவருக்கு நல்ல மிளகு கிடைத்தது. பனிமூட்டத்தில் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றார். ஓட்டினேன். வழியில் சூடாக மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம். கார் ஒருமுறைகூட நிற்கவில்லை.

"என்னங்க இது, நிக்கவே மாட்டேங்குதே" என்றேன்.

"நம்மளப் பாத்துச் சங்கோசப்படுதுங்க. நாலு நாள் பழகுனா செரியாப் போயிருமுங்க."

ஆனால் மனைவியோடு கிளம்பினால் கார் நின்றது. இதை அவரிடம் சொன்னதுதான் வினை. அவர் நெடுநேரம் யோசித்தார். பிறகு ஒண்டிக்கடை ஸ்டாப்பில் உள்ள டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் தம் முடிவை அறிவித்தார்: "சார் வண்டியில ஒரு கோளாறும் இல்லீங்க. டீச்சரம்மா ஏறுனாத்தான் நிக்குது."

பால்காரர் மூலம் அது அன்றே வீட்டுக்கு வந்தது. மனைவி என்னைக் கேட்டாள்: "ஏனுங்க, நான் ஏறுனா வண்டி நிக்குதாமா? ஊரெல்லாம் சிரிக்குது."

நான் நேராக டீக்கடைக்குப் போனேன். அங்கே நான் பேசியதை மறைக்காமல் எழுதுகிறேன். "ஓசி சவாரி வேணும்னா நேராக் கேளு. கம்ப்ளைன்ட்டை நீயே மறைச்சு வெச்சுக்கிட்டு, எதுக்கு என் வண்டியில ஊர் சுத்தற?" என்றேன். வயதில் என்னைவிடக் கொஞ்சம்தான் இளையவர். அதுவரை அவரை 'நீங்கள்' என்று மட்டுமே அழைத்திருந்தேன். கடையில் சிலர் சிரித்தார்கள். அவர் டீ கிளாஸை வைத்தார். "செரிங்க சார்" என்றார். குல்லாவைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நடந்துபோனார்.

அடுத்த வாரம் சேலத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பட்டுச்சேலையோடு மனைவி ஏறினாள். பாதி மலை இறங்குவதற்குள் ஒரு வளைவில் கார் நின்றது. பின்னால் ஒரு பஸ். ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் நீண்டன. "டீச்சரம்மா, நீங்க கொஞ்சம் எறங்கிப் பாருங்க, வண்டி போயிரும்" என்றது ஒரு குரல். பஸ்ஸே சிரித்தது.

அவள் இறங்கவில்லை. ஆனால் திரும்பி வந்ததும் சொன்னாள்: "இன்னொருக்கா நின்னுச்சுன்னா நான் பஸ்ஸுல போய்க்கறேன். உங்க பக்கத்துல ஆரு உக்காரோணும்னு நீங்களே பாத்துக்குங்க." அவள் சொன்னால் சொன்னதுதான். அவள் உட்காராத அந்தச் சீட்டோடு காரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

வெட்கத்தை விட்டுக் கொட்டகைக்குப் போனேன். வரட்டும் ஒரு வேனின் டேஷ்போர்டுக்கு அடியில் கிடந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன. கால்களிடம் விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்பு மட்டும் வாயில் வரவில்லை.

"டீச்சரம்மா வந்தா வர்றனுங்க" என்றன கால்கள்.

"ரெண்டு சீட்டுதானே இருக்கு?"

"மூடிய மடிச்சு வெக்கற பள்ளம் இருக்குதுங்களே."

மறுநாள் அந்தப் பள்ளத்தில், மடித்த குடைபோல, முழங்கால் இரண்டும் காதைத் தொட, அவர் உட்கார்ந்தார். மனைவி அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. குப்பனூர் ரோட்டில் இறங்கினோம். ரோடு ஒருபக்கமாகச் சாய்ந்திருந்த ஒரு வளைவில் திரும்பியதுதான் தாமதம், எல்லாம் அணைந்தது.

பின்னாலிருந்து, குழந்தை பிறந்த சேதி சொல்வதுபோல ஒரு குரல்: "வந்துருச்சுங்க."

"அது வந்துருச்சு, நான் போறேன்" என்றாள் மனைவி. "ஊட்டுச் சாவியக் குடுங்க. நடந்தே போய்க்கறேன்." நான் அசையாமல் இருக்கவே, அவளே கையை நீட்டி, கார் சாவியில் தொங்கிய கொத்தைத் தூக்கிக் கழற்றப் போனாள். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"டீச்சரம்மா, கைய எடுங்க" என்றார் வரட்டும். எடுத்தாள். விளக்கு அணைந்தது.

"மறுக்காத் தூக்குங்க." எரிந்தது.

"உடுங்க." அணைந்தது.

மூவரும் அந்தக் கொத்தைப் பார்த்தோம். எங்கள் ஊர்க் குரங்குகள் தாழ்ப்பாள் திறக்கத் தெரிந்தவை. நாங்கள் இருவரும் வெளியே போனால் முன்கதவு, பின்கதவு, சமையலறை, உரக்கிடங்கு, களத்து கேட் என்று எல்லாவற்றையும் பூட்டவேண்டும். நான் ஒருமுறை வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டதால், 'இதையாவது தொலைக்க மாட்டீங்க' என்று அத்தனை சாவியையும் கார் சாவியோடு கோத்துவிட்டவள் அவள்தான். கிடங்குச் சாவி மட்டுமே கால் கிலோ இருக்கும். வளைவில் அந்தக் கொத்து ஒருபக்கமாக இழுக்கும்போது, தேய்ந்துபோன சாவி சுவிட்சுக்குள் தொடர்பு விட்டுப்போகிறது. கிளப்பும்போது என் கை கொத்தைத் தாங்கிக்கொள்வதால் வண்டி பிடித்துக்கொள்கிறது. வரட்டுமோடு போன நாட்களில் மனைவி வீட்டில் இருந்தாள். கார் சாவியை மட்டும் கழற்றி எடுத்துப்போவேன்; கொத்து அவளிடமே இருந்தது.

"கண்டுபுடிச்சது டீச்சரம்மாதானுங்க" என்றார் வரட்டும், பள்ளத்திலிருந்து எழ முயன்றபடி. உடனே திருத்திக்கொண்டார்: "ஆனா, டீச்சரம்மாவக் கூட்டிட்டு வரோணும்னு கண்டுபுடிச்சது நானுங்க."

மனைவி சிரித்துவிட்டாள். வீடு திரும்பும்வரை கொத்தை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். புது சுவிட்ச் போட்ட பிறகும் அப்படித்தான் உட்காருகிறாள்.

சில நாள் கழித்து, சொல்லவேண்டியதைச் சொல்லக் கொட்டகைக்குப் போனேன். "அன்னைக்கு டீக்கடையில நான் பேசினது தப்புங்க" என்றேன்.

"தப்புதானுங்க" என்றார். 'பரவாயில்லை' என்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். "ஓசியில போனது மெய்தானுங்க சார். அந்தச் சீட்டு நொம்ப சொகமா இருந்துச்சு. ஆனா மறைச்சு வெச்சேன்னீங்க பாருங்க, அதுதான் இன்னுமே உறுத்துதுங்க. எந்தக் கோளாறையும் நான் ஒருநாளும் மறைச்சதில்லீங்க."

"ஒருநாள் வாங்க, சும்மா மலையைச் சுத்திட்டு வரலாம்."

"கம்ப்ளைன்ட் இல்லாத வண்டியில எனக்கென்னுங்க சார் வேலை?"

பிறகு பலமுறை கூப்பிட்டேன். அதே பதில்தான். கார் ஒழுங்காக ஓடியது. அவர் இல்லாமல் குப்பனூர் ரோடு எனக்கு நீளமாகத் தெரிந்தது.

போன வாரம், கார் ஷெட்டில் யாரும் பார்க்காதபோது, ஹாரனுக்குப் போகும் வயரை நானே கொஞ்சம் தளர்த்திவிட்டு அவருக்குப் போன் செய்தேன். "ஹாரன் ஒரு சமயம் அடிக்குது, ஒரு சமயம் அடிக்கலீங்க" என்றேன்.

அரைமணி நேரத்தில் குல்லாவோடு வந்தார். பானெட்டைத் திறந்து உள்ளே பார்த்தார். தளர்ந்த வயரை விரலால் தொட்டார். என்னை நிமிர்ந்து பார்த்தார். பானெட்டை மெதுவாக மூடிவிட்டு, பக்கத்தில் ஏறிச் சம்மணம் கூட்டி உட்கார்ந்தார்.

"மாரமங்கலம் பக்கம் போலாமுங்க சார்" என்றார். "ஹாரன் இல்லீங்கல்ல, மெதுவாவே போங்க."