அடைப்பில்லாத சொட்டுநீர்

"ஏனுங்க, இந்தக் குடத்தைப் பாருங்க. சோப்பே போடாம நுரைக்குது."

மனைவி பிரிசில்லா நீட்டிய குடத்தை டேனியல் வாங்கி முகர்ந்து பார்த்தான். பொங்கலூரில் அவர்கள் வீட்டுக்குப் போட்ட முதல் போர்வெல் வறண்டு, நாலு எட்டு தள்ளிப் போட்ட இரண்டாவதில்தான் தண்ணீர் வந்தது. அதுவும் கெட்டால் குடிக்க வேறு வழியில்லை.

பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசரான அவன், குளித்த தண்ணீர் வீணாகக் கூடாதென்று சொட்டுநீர்க் குழாய் போட்டு வாழைக்கு விட்டிருந்தான். குழாய் அடைத்தது. கம்பெனியிலிருந்து பனியன் வேஸ்ட் துணி கொண்டுவந்து வடிகட்டியாகக் கட்டினான். சிவப்பு வேஸ்ட். தோட்டமே சிவந்தது.

"ஊட்டுலயே சாயப்பட்டறை போட்டுட்டீங்களாட்ட இருக்குதுங்க?" என்றார் பக்கத்துத் தோட்டத்துச் செங்கோட்டையன்.

வெள்ளை வேஸ்ட்டுக்கு மாறினான். நூல் பிரிந்து குழாய் மொத்தமாக அடைத்து, தண்ணீர் குளியலறைக்கே திரும்பி வந்தது. பிளம்பர் சின்னானைக் கூப்பிட்டு, "இனி அடைப்பே வரக்கூடாதுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். அன்றோடு அடைப்பு தீர்ந்தது. குழாய்மேல் தென்னமட்டையைப் போட்டு மூடிவிட்டு, அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதையும் விட்டுவிட்டான். இப்போது இந்த நுரை.

"வாழையும் வாடுதுங்க," என்றாள் பிரிசில்லா.

"மண்ணுல சோப்பு தங்கிருச்சு. நெறையத் தண்ணி விட்டுக் கழுவோணும்."

மண்ணுக்காக இருவரும் இரண்டு வேளை குளித்தார்கள். நுரை கூடியது. சோப்பை நிறுத்திச் சீயக்காய்க்கு மாறினார்கள். குடத்துத் தண்ணீரில் சீயக்காய் மணந்தது.

"இதுல தலைக்கு ஊத்தலாமுங்க, சோறாக்க முடியாது. நாளைக்கும் இப்படியே இருந்தா நான் எங்கம்மா ஊட்டுக்குப் போறேன்."

டேனியல் அரிவாளை எடுத்தான். குலை தள்ளியிருந்த வாழையை வெட்டும்போது அழுகையே வந்துவிட்டது. எல்லாவற்றையும் சாய்த்துவிட்டு, குழாயைக் கழற்றச் சின்னானை வரவழைத்தான்.

"வாழைய ஏனுங்க வெட்டுனீங்க?" என்றார் சின்னான்.

"அதுக்கு விட்ட தண்ணிதான் மண்ணுக்குள்ள எறங்கி போரைக் கெடுத்துருச்சுங்கண்ணா."

சின்னான் வாழைகளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அதுக்கு ஒரு சொட்டுக்கூடப் போகலீங்களே. அடைப்பே வரக்கூடாதுன்னீங்க, அன்னைக்கே பைப்பைப் பழைய போர்க்குழிக்குள்ள விட்டுட்டேனுங்க."