பஸ்ஸைக் காப்பாற்றிய தாழங்கரணை

எண்பதுகளின் தொடக்கத்தில் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் ஜாதகம் கேட்பதற்கு முன்னால் பஸ் நம்பரைக் கேட்டார்கள். அது அந்தக் காலத்து நாகரிகம். தாழங்கரணை தன்யகுமாரிடம் பி.ஏ. பட்டம் இருந்தது, ஊரிலேயே முதல் பட்டம். மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லையும் இருந்தது. நம்பர்தான் இல்லை.

"எம் பொண்ணு குசுமாவதிக்கு உன்னைப் பிடிச்சிருக்குது தம்பி. ஆனா பஸ் வராத ஊருக்குக் குடுத்தா சொந்தக்காரங்க சிரிப்பாங்க. பஸ் வரட்டும், தட்டு மாத்திக்கலாம்," என்று சொல்லிவிட்டார் விருசபதாசன்.

தன்யகுமார் பஸ் கேட்டுப் போக்குவரத்துக் கழகத்துக்கு மனு எழுதினான். ஆய்வாளர் சக்கரபாணி ஒரு சாயங்காலம் ஜீப்பில் வந்தார், தெருவைப் பார்த்தார், போய்விட்டார். 'மேற்படி கிராமத்தில் மனித நடமாட்டம் காணப்படவில்லை' என்று பதில் வந்தது.

தன்யகுமார் சைக்கிளை மிதித்துக்கொண்டு திருவண்ணாமலை அலுவலகத்துக்குப் போய்ச் சக்கரபாணியைப் பிடித்தான்.

"சார், அது நாங்க சாப்பிடற நேரம். நாங்க ஜைனருங்க. பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டாகணும். எல்லாரும் வீட்டுக்குள்ள இருந்தாங்க."

"வீட்டுக்குள்ள இருந்தா அது குடும்பம் தம்பி. ரோட்டுல நின்னாத்தான் மக்கள்தொகை."

"நானே அந்த ஊருதான் சார். கண்ணு முன்னாடி நிக்கறேனே?"

"இப்ப எங்க நிக்கறீங்க? திருவண்ணாமலைல. உங்களை இந்த ஊர்க் கணக்குலதான் சேர்க்க முடியும். ஆமா, எப்படி வந்தீங்க?"

"சைக்கிள்ல சார்."

சக்கரபாணியின் முகம் மலர்ந்தது. "அப்போ போக்குவரத்து வசதி இருக்குது!" என்று கோப்பில் குறித்துக்கொண்டார்.

தன்யகுமார் ஊர்க்கூட்டம் போட்டான். அன்று முதல் தாழங்கரணை முழுவதும் சாயங்காலச் சாப்பாட்டைத் தட்டோடு ரோட்டுக்குக் கொண்டுவந்து, வரிசையாக நின்றுகொண்டே சாப்பிட்டது. குழம்பு சட்டையில் சிந்தியது. யாரும் முணுமுணுக்கவில்லை, ஊரில் கல்யாணத்துக்கு நின்ற பையன்கள் இன்னும் பலர். மறுபடி வந்த சக்கரபாணி ஜீப்பை விட்டு இறங்காமலே உருகிப்போனார். 'பொதுமக்கள் உணவருந்தவும் வீடு திரும்பாமல் பேருந்துக்காகக் காத்திருக்கின்றனர்' என்று எழுதினார்.

பஸ் வந்தது. மாலை போட்டார்கள், கற்பூரம் காட்டினார்கள். கூடவே ஓர் ஆணையும் வந்தது: இருக்கைகள் நிரம்பாவிட்டால் வழித்தடம் ரத்து செய்யப்படும்.

ஊருக்குத் திருவண்ணாமலையில் அத்தனை வேலை ஏது? ஆகவே முறை வைத்துக்கொண்டார்கள். இன்றைக்குக் கிழக்குத் தெரு, நாளைக்கு மேற்குத் தெரு. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மலையைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டு, அதே பஸ்ஸில் ஏறித் திரும்பினார்கள்.

"எதுக்குய்யா தினம் வர்றீங்க?" என்று கேட்டார் கண்டக்டர் பரசுராமன்.

"உங்க பஸ்ஸைக் காப்பாத்தத்தான்."

சில நாளில் இருக்கைகள் நிரம்ப ஒரு தெரு ஆள் போதவில்லை, ஊரே ஏறியது. பிடுங்க ஆளில்லாமல் மல்லாட்டை மண்ணிலேயே முளைத்தது.

விருசபதாசன் பழத்தட்டோடு அதே பஸ்ஸில் வந்து இறங்கினார். தெரு முழுக்கப் பூட்டுகள். பஸ் வாசலில் மட்டும் நெரிசல். அதிலிருந்து தன்யகுமாரைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"இன்னா மாப்ளே, வீட்ல ஒருத்தரையும் காணோம்?"

"எல்லாரும் பஸ்ல இருக்காங்க மாமா."

"எப்ப வருவாங்க?"

"வந்ததும் அடுத்த நடைக்குக் கிளம்பணும் மாமா."

விருசபதாசன் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "பஸ் இல்லாத ஊருக்குப் பொண்ணு குடுக்கமாட்டேன்னேன். வாஸ்தவம். ஆள் இல்லாத ஊருக்கு மட்டும் எப்படிக் குடுக்கறது?"

தன்யகுமார் பதில் சொல்ல வாயைத் திறந்தான். பரசுராமன் விசில் ஊதிவிட்டார். கால் தானாக ஓடிப் படியில் ஏறியது. விருசபதாசனுக்கும் ஊர் திரும்ப வேறு வண்டி இல்லை, அவரும் ஏறினார்.

"ஒரு டிக்கெட் ஜாஸ்தி! நகருங்க, நகருங்க," என்று பூரித்துப்போனார் பரசுராமன்.

மாமனார் ஆகாதவரும் மாப்பிள்ளை ஆகாதவனும் ஒரே சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், வழித்தடத்தைக் காப்பாற்றப் புறப்பட்டார்கள்.